அப்பாவின் ஜிபிஎஸ் பெட்டி போய்விட்டது, மாற்றாக எதை வாங்குவது?

ஆழியாறு:
அப்பாவுக்கு 67 வயது. முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். இப்போது பொள்ளாச்சியில் தெரிந்த குடும்பங்களுக்கு மட்டும், கல்யாணம் கோயில் என்று ஸ்விஃப்ட் ஓட்டுகிறார். 2012இல் முதல் சம்பளத்தில் நான் வாங்கிக் கொடுத்த 5 இன்ச் ஜிபிஎஸ் பெட்டி போன வாரம் உயிரை விட்டது. பேட்டரி பூரி மாதிரி உப்பி, திரையை ஒரு ஓரமாகத் தூக்கிவிட்டது. எந்த பிராண்ட் என்று கேட்க வேண்டாம், பதிமூன்று வருஷம் உழைத்ததைத் திட்ட மனசு வரவில்லை.

சாகும் முன்பே கொஞ்சம் புத்தி பேதலித்துத்தான் இருந்தது. 2019 ஏப்ரலில் வருஷத்தை 1999 என்று காட்ட ஆரம்பித்தது, அதிலிருந்து எப்போதும் இருபது வருஷம் பின்னால்தான் ஓடும். வழி மட்டும் சரியாகச் சொல்லும். "எனக்கு இருபது வயசு குறைஞ்சு போச்சு" என்று சொல்லிக்கொண்டு அப்பா அதையே வைத்து ஓட்டினார்.

இப்போது என்ன வாங்குவது? அதே மாதிரி தனிப் பெட்டியா, ஆண்ட்ராய்ட் ஸ்டீரியோவா, இல்லை போனே போதுமா? 15 ஆயிரம் வரை போகலாம். வால்பாறைப் பக்கம் அடிக்கடி போவார், டவர் பாதி இடத்தில் இருக்காது. போனில் மேப் போட்டால் நடுவில் யாராவது கூப்பிடுவார்கள், இவரும் எடுத்துப் பேசுவார். அதுதான் என் பயம்.

ஓட்டை சைலன்சர்:
ப்ரோ, ஹோல்டர் 400 ரூபாய். போன் ஏற்கெனவே இருக்கிறது. இதற்கு ஒரு பதிவா?

2009இல் கூகுள் போனிலேயே இலவசமாக வழி சொல்ல ஆரம்பித்த அன்றே இந்தப் பெட்டிகளின் கதை முடிந்துவிட்டது. இந்தப் பெட்டிகளைச் செய்யும் கார்மின், டாம்டாம் கம்பெனிகளின் பங்கு விலை அப்போது எப்படி விழுந்தது என்று தேடிப் பாருங்கள். 2024 ஜூலையில் மேம்பாலத்தில் ஏறணுமா கீழே போகணுமா என்று சொல்லும் வசதியை 40 ஊர்களுக்குக் கொடுத்தார்கள். காருக்கு ஒத்துவராத குறுகலான சந்துகளைத் தவிர்க்கும் வசதி முதலில் வந்த எட்டு ஊரில் கோவையும் ஒன்று. 2012 பெட்டிக்கு உக்கடம் மேம்பாலம் என்று ஒன்று இருப்பதே தெரியாது, அது திறந்ததே 2024 ஆகஸ்டில்.

கொண்டை ஊசி:
சைலன்சர் தம்பி, அவர் கேட்டது போன் இல்லாமல் எப்படி என்று. நீங்கள் போனையே திரும்ப விற்கிறீர்கள்.

நான் வாடகை வண்டி ஓட்டுகிறவன். மே மாதம் மதியம் கண்ணாடியில் ஒட்டிய ஹோல்டரில் போனை வைத்துப் பாருங்கள். முதலில் வெளிச்சம் தானாகக் குறையும், அப்புறம் சார்ஜ் ஏறாது, கடைசியில் சூடாகிவிட்டது என்று ஒரு வரி போட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளும். எனக்கு இது திண்டுக்கல் பைபாஸில் நடந்தது, பின் சீட்டில் பிரசவத்துக்குப் போகிற பெண். தனிப் பெட்டி கண்ணாடியில் மாட்டுவதற்கென்றே செய்தது. மேப் முழுக்க உள்ளேயே இருக்கும். யாரும் அதற்குள் கூப்பிட முடியாது. பெரியவருக்கு அதுதான் சரி.

மாமன் மகன்:
டவர் இல்லாத இடத்தில் போனில் ஜிபிஎஸ்ஸே எடுக்காதே, அதனால் வால்பாறைக்குத் தனிப் பெட்டிதான்.

வரைபடப் பித்து:
இதை யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன்.

ஜிபிஎஸ்ஸுக்கும் செல்போன் டவருக்கும் சம்பந்தமில்லை. போனும் அந்தப் பெட்டியும் கேட்பது ஒரே செயற்கைக்கோள்களைத்தான். டவர் செய்வது ஒரு சின்ன உதவி: எந்தக் கோள் இப்போது எங்கே இருக்கிறது என்ற கணக்கை முன்கூட்டியே கொடுத்துவிடும், அதனால் போன் இரண்டு மூன்று நொடியில் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. டவர் இல்லையென்றால் அந்தக் கணக்கைக் கோளிடமிருந்தே கேட்டு வாங்கணும். அதற்குக் குறைந்தது அரை நிமிஷம், வானம் சரியாகத் தெரியாவிட்டால் இன்னும் கூட. அவ்வளவுதான் வித்தியாசம். டவர் போனால் போவது மேப் படம். அதை வீட்டு வைஃபையிலேயே ஆஃப்லைனாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். டிராஃபிக் தெரியாது, மாற்று வழி காட்டாது, ஆனால் வழி சொல்லும்.

அந்த 1999 கதையும் எனக்குப் பிடித்த விஷயம். ஜிபிஎஸ் வாரங்களை எண்ண ஒதுக்கிய இடம் 10 பிட். 0 முதல் 1023 வரைதான் எண்ண முடியும், அப்புறம் மறுபடி பூஜ்யம். 2019 ஏப்ரல் 6 இரவு அது பூஜ்யமானது. மென்பொருள் திருத்தப்படாத பெட்டிகள் 1024 வாரம் பின்னால் போய் 1999 ஆகஸ்டில் உட்கார்ந்துகொண்டன. இடம் கண்டுபிடிக்க வருஷம் வேண்டாம், அதனால்தான் வழி தப்பவில்லை. அடுத்த சுற்று 2038 நவம்பரில் முடியும்.

இன்னொன்று, உப்பிய பேட்டரியை அழுத்திப் பார்க்காதீர்கள், குத்தாதீர்கள், காருக்குள் வெயிலில் விடாதீர்கள். இன்றைக்கே வெளியே எடுங்கள்.

வயரிங் தம்பி:
அண்ணா, நான் கார் ஸ்டீரியோ கடையில் வேலை செய்கிறேன். என் ஓட்டு ஆண்ட்ராய்ட் ஸ்டீரியோவுக்குத்தான். பெரிய திரை, கண்ணாடியில் எதையும் ஒட்ட வேண்டாம், ரிவர்ஸ் கேமராவும் போட்டுக்கலாம். ஆனால் எங்கள் தொழிலில் நடக்கிற மூன்று விஷயத்தைச் சொல்கிறேன், எந்தக் கடையானாலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விலை குறைந்த பெட்டியில் 4 ஜிபி ராம் என்று அட்டையில் இருக்கும், செட்டிங்ஸிலும் இருக்கும், உள்ளே இரண்டுதான். மேப்பையும் பாட்டையும் சேர்த்து ஓடவிட்டால் ஐந்து நிமிஷத்தில் குட்டு உடையும். அடுத்தது மஞ்சள் வயர், சிவப்பு வயர். மஞ்சளில் எப்போதும் கரண்ட் இருக்கும், சிவப்பில் சாவி திருப்பினால்தான். இரண்டையும் முறுக்கி மஞ்சளில் கொடுத்துவிட்டால் ஸ்டீரியோ தூங்கவே தூங்காது. ஒரு வாரம் நிறுத்தி வைத்த காரைத் தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணணும்.

முக்கியமானது ஆன்டெனா. தீப்பெட்டி அளவில் கறுப்பாக, அடியில் காந்தத்தோடு ஒன்று வரும். அது வானத்தைப் பார்க்கணும். அவசரத்தில் பலர் அதை ஸ்டீரியோவுக்குப் பின்னால் இரும்புச் சட்டத்தின் மேலேயே போட்டு மூடிவிடுவார்கள். அப்புறம் கஸ்டமர் வந்து "மேப்பில் என் கார் பக்கத்துத் தெருவில் ஓடுது" என்பார். டேஷ்போர்டு மேலே, கண்ணாடிக்கு அடியில் ஒட்டச் சொல்லி நின்று வாங்குங்கள்.

கொண்டை ஊசி:
தம்பி, உங்கள் நேர்மைக்கு ஒரு டீ. ஆனால் நீங்கள் சொன்னதைப் படித்தபிறகு ஸ்டீரியோ பக்கமே போகமாட்டேன். 67 வயசுக்காரர் திரையில் பாட்டு, படம், செட்டிங்ஸ் என்று தடவிக்கொண்டிருக்கவா?

ஓட்டை சைலன்சர்:
கொண்டை அண்ணா, உங்கள் தனிப் பெட்டியை எங்கே வாங்குவது, அதைச் சொல்லுங்கள். கடையில் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது?

கொண்டை ஊசி:
ஆன்லைனில் கிடைக்கிறது. என் மச்சான் துபாயிலிருந்து கார்மின் கொண்டுவரப் போகிறான்.

வரைபடப் பித்து:
மச்சானிடம் அட்டைப் பெட்டியைப் படிக்கச் சொல்லுங்கள். இந்தப் பெட்டிகள் அந்தந்தப் பகுதி மேப்போடுதான் வரும். வளைகுடாவுக்கான பெட்டியில் ஷார்ஜா சந்தெல்லாம் இருக்கும், கிணத்துக்கடவு இருக்காது. இந்திய மேப்பைத் தனியாகக் காசு கொடுத்து ஏற்ற வேண்டியிருக்கும்.

"ஆயுள் முழுக்க இலவச மேப்" என்பதையும் நம்பிவிடாதீர்கள். 2018 ஜனவரியில் டாம்டாம் தன் பழைய மாடல்கள் சிலவற்றுக்கு மேப் புதுப்பிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. ஆயுள் என்றால் உங்கள் ஆயுள் இல்லை, பெட்டியின் ஆயுளாம்.

மாமன் மகன்:
ஜிபிஎஸ் மாதிரி நம்ம இஸ்ரோ செய்த நாவிக் இருக்கிற கருவியாகப் பார்த்து வாங்கினால் என்ன? வெளிநாட்டுக் கோளை ஏன் நம்பணும்?

வரைபடப் பித்து:
பெருமை சரி, ஆனால் இங்கே அது பதில் இல்லை. 2013 ஜூலையில் போன முதல் நாவிக் கோளின் மூன்று அணுக் கடிகாரங்களும் பழுதாயின. 2025 ஜனவரியில் போன என்விஎஸ்-02 என்ற நாவிக் கோள் நினைத்த சுற்றுப்பாதைக்கு ஏறவில்லை. நாவிக் வேண்டாம் என்று சொல்லவில்லை, பல போன்களில் ஜிபிஎஸ்ஸோடு சேர்ந்து ஏற்கெனவே இருக்கிறது. கோள் சொல்வது நாம் நிற்கிற இடத்தை மட்டும்தான். எந்தச் சந்தில் திரும்பணும் என்பது மேப்பின் வேலை. 2024 ஜனவரியில் கூடலூரில் மேப்பைப் பார்த்து ஓட்டி ஒரு காரைப் படிக்கட்டில் இறக்கினார்களே, அங்கே கோள் தப்பு செய்யவில்லை.

உள்ளூர் மேப் வேண்டுமென்றால் மேப்மைஇந்தியாவின் மேப்பிள்ஸ் இருக்கிறது, 1995இல் ஆரம்பித்த கம்பெனி. அதையும் ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கலாம்.

ஆழியாறு:
முதலில் ஒரு விஷயம், ப்ரோவும் இல்லை, அண்ணாவும் இல்லை. அக்கா.

கூடலூர் என்றதும் நினைவு வருகிறது. போன வருஷம் ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு ஒரு குடும்பத்தை அழைத்துப் போனார் அப்பா. மேப்பில் கல்லட்டி வழி பாதித் தூரம். அந்த இறக்கத்தில் வெளியூர் வண்டியை விடமாட்டார்கள், நம்முடையது டிஎன் 41. அப்பா பெட்டியைக் கேட்காமல் கூடலூரைச் சுற்றிப் போனார். சவாரிக்காரர் மட்டும் போனை நீட்டி "இதுல கிட்டக்க காட்டுதே" என்று வழி முழுக்கப் புலம்பினாராம். அப்பாவுக்கு மேப் வேண்டியது மலைக்கு இல்லை. மண்டபம் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதற்குத்தான்.

கொண்டை ஊசி:
மன்னிக்கணும்மா. அப்படிப்பட்டவருக்குப் போனைக் கொடுத்து ஃபைன் கட்ட வைக்காதீர்கள்.

ஓட்டை சைலன்சர்:
ஃபைனா? அண்ணா, 2020 அக்டோபர் 1 முதல் மத்திய மோட்டார் வாகன விதியிலேயே இருக்கிறது. கவனம் சிதறாதபடி, வழி பார்க்க மட்டும் போனைப் பயன்படுத்தலாம். கையில் பிடித்துப் பேசினால்தான் மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, முதல் தடவையே ஃபைன் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை.

கொண்டை ஊசி:
அதைத்தானே சொல்கிறேன். அவர் பேசுவார் என்று மகளே எழுதியிருக்கிறாரே!

வயரிங் தம்பி:
அக்கா, வியாபாரம் போனாலும் பரவாயில்லை. வீட்டில் பழைய போன் சும்மா கிடக்குமே. சிம்மைக் கழற்றிவிட்டு ஆஃப்லைன் மேப் மட்டும் ஏற்றிக் காரிலேயே விடுங்கள். சிம் இல்லாத போனுக்கு யார் கூப்பிடப் போகிறார்கள்? ஹோல்டரைக் கண்ணாடியில் ஒட்டாமல் ஏசி வென்ட்டில் மாட்டுங்கள், குளிர் காற்று போனின் முதுகில் படும். இறங்கும்போது மட்டும் கழற்றிக் கையோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள், இல்லையென்றால் அதுவும் பூரி ஆகிவிடும்.

ஆழியாறு (பத்து நாள் கழித்து):
என் நாலு வருஷப் பழைய போனைத்தான் மாட்டினேன். கோவை, திருப்பூர், நீலகிரி, பாலக்காடு வரை மேப் இறக்கி, தமிழ்க் குரல் வைத்தாயிற்று. பக்கத்து வீட்டு வாசலில் ஒரு நட்சத்திரம், கோயிலில் ஒரு நட்சத்திரம் என்று அப்பாவே குறிக்கக் கற்றுக்கொண்டார்.

முதல் நாள் ஒரு கூத்து. காலையில் போட்டால் இடமே எடுக்கவில்லை. நான் சென்னையிலிருந்து போனில் அரை மணி நேரம் மல்லாடினேன். கடைசியில் பார்த்தால் வண்டி தகர ஷெட்டுக்குள் நிற்கிறது. வெளியே எடுத்து நிறுத்தச் சொன்னேன், ஒரு நிமிஷத்தில் நீலப் புள்ளி வந்துவிட்டது. பித்து சொன்ன வானம் இதுதான் போல.

ஞாயிற்றுக்கிழமை வால்பாறை போய் வந்தார். நாற்பது வளைவிலும் தடுமாறவில்லை. ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூவில் நிறுத்திப் போனைத் தொட்டுப் பார்த்தாராம், ஜில்லென்று இருந்ததாம். ஆனால் அது ஏசி இல்லை, மலைக் காற்று. மலையேறும்போது ஏசி போடுகிற வழக்கமே அவருக்குக் கிடையாது, இன்ஜின் இழுவை குறையும் என்பார்.

கொண்டை ஊசி:
மலையில் ஜில்லென்று இருந்தால் ஜெயித்த மாதிரியா? மே மாதம் மதியம் 2 மணிக்கு உடுமலை ரோட்டில் ஏசி இல்லாமல் ஒரு தடவை ஓட்டச் சொல்லிவிட்டு இங்கே எழுதுங்கம்மா. என் கார்மின் வந்துவிட்டது. இந்திய மேப் ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஓட்டை சைலன்சர்:
அக்கா, ஹோல்டர் எவ்வளவு ஆச்சு?

ஆழியாறு:
380.