சர்க்கரை குக்கீ: வடிவம் ஏன் குலைகிறது?

கேள்வி:
பிள்ளைகளுடன் சேர்ந்து மாவைத் தேய்த்து, நட்சத்திர அச்சால் வெட்டி ஓவனில் வைத்த குக்கீகள் எல்லாம் பரவி வட்டமாகிவிட்டன. மேலே பூசிய ஐசிங்கும் வழிந்தோடியது. எங்கே தவறினேன்?

பதில் 1:
வெண்ணெய் இளகியிருக்கும். மாவை இரண்டு பட்டர் தாள்களுக்கு நடுவே 6 மில்லிமீட்டர் கனத்தில் தேய்த்து, குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மணி நேரம் வைத்த பிறகே பிள்ளைகளிடம் அச்சைக் கொடுங்கள். சிறு கைகளின் சூடே வெண்ணெயை உருக்கிவிடும். வெட்டிய துண்டுகளையும் 10 நிமிடம் குளிரவைத்துச் சுடுங்கள்.

பதில் 2:
ஆறாத குக்கீயில் ஐசிங் நிற்காது. ஐசிங் சர்க்கரையில் பாலைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து, கரண்டியிலிருந்து விழும் கோடு ஏறத்தாழ 10 நொடிகளில் மறையும் பதத்தில் நிறுத்துங்கள். (என் மகள் மேலே தூவும் வண்ணச் சர்க்கரை மணிகளில் பாதி அவள் வாய்க்குத்தான் போகிறது.)

கேள்வி கேட்டவர்:
சுடச்சுடப் பூசியது உண்மைதான்; பிள்ளைகள் பொறுக்கவில்லை. நன்றி.