டயப்பர் புண், வேர்க்குரு, சிவப்புத் திட்டு: உங்கள் குழந்தைக்கு என்ன ஆச்சு?

கவின் அம்மா:
கவினுக்கு வந்த டயப்பர் புண் ஜிங்க் களிம்பு போட்டால் அடங்கிவிடும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அடங்கவில்லை. டாக்டரம்மா தொடை இடுக்கை விரித்து, செல்போன் டார்ச்சை அடித்து, "ஓரத்துல பாருங்க" என்றார். பெரிய சிவப்புத் திட்டுக்கு வெளியே கடுகு தூவிய மாதிரி தனித்தனியாகப் புள்ளிகள். ஈரத்தால் வரும் புண் பெரும்பாலும் டயப்பர் உரசும் மேட்டில்தான் வருமாம். மடிப்புக்குள்ளேயும் நுழைந்து, சுற்றி இப்படிப் புள்ளியும் வைத்தால் காளான் தொற்றாம். ஆன்டிபயாடிக் கொடுத்து முடித்த கையோடு வந்ததும் அதனால்தானாம். க்ளோட்ரிமசோல் எழுதினார், கேட்டது. ஆனால் ஒண்ணுக்குப் பட்டதும் அவன் வீறிட்ட சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

நெல்லை அப்பா:
என் மகளுக்குப் பிறந்த மறுநாளே. சிவப்புத் திட்டு, நடுவில் வெள்ளை முத்து. காலையில் நெஞ்சில் இருந்தது மதியம் தொடையில் இருந்தது. பெரியம்மா "அம்மை போட்டிருக்கு" என்று வேப்பிலைக்கு ஆளே அனுப்பிவிட்டார். டாக்டரோ, "நிறைமாசக் குழந்தைல பாதிப்பேருக்கு வரும், மருந்தே வேண்டாம். காய்ச்சல் இல்லையே? பால் குடிக்கிறாளா?" என்று கேட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். ஒரு வாரத்தில் அடையாளமே இல்லை. வேப்பிலையால்தான் இறங்கியது என்று பெரியம்மா இன்றும் சொல்கிறார்.

ரெண்டு வாலு:
கவின் அம்மா, காளானோ என்னவோ, டயப்பரைக் கழற்றினாலே பாதி சரியாகும். பகலில் துணிதான் கட்டணும். கொஞ்ச நேரம் காற்றாட விடுங்கள். வாசனைத் துடைப்பான் வேண்டவே வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீரும் பஞ்சும் போதும். தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். செவ்வாப்பு எண்ணெய் என்று யாராவது கொடுத்தாலும் புண்மேல் தடவாதீர்கள். எங்கள் வீட்டில் அக்னி நட்சத்திரத்தில் கழுத்தெல்லாம் வேர்க்குரு. சட்டையைக் கழற்றி ஃபேனைப் போட்டதும் போச்சு. குளிப்பாட்டியதும் பவுடரும் போடுவேன்.

மீனு:
பவுடரா? வேண்டாங்க, பிள்ளை மூச்சில் இழுத்துவிடும். டயப்பர்மேல் என்ன கோபம்? நனைந்ததும் மாற்றினால் போதாதா? சரி, எனக்கு நடந்தது வேறு. மருந்துக் கடையில் "எல்லாத்துக்கும் கேட்கும்" என்று ஒரு ட்யூப் கொடுத்தார்கள். போட்டதும் சிவப்பு மறைந்தது, நிறுத்தியதும் முன்னைவிடப் பரவியது. டாக்டர் ட்யூபைத் திருப்பி, பொடி எழுத்தை நகத்தால் காட்டினார்: க்ளோபீட்டசால். வீரியமான ஸ்டீராய்டு. டயப்பருக்குள் மூடிக் கட்டினால் தோல் இன்னும் அதிகமாக உறிஞ்சுமாம். அந்தக் கடையில் சீட்டும் கேட்கவில்லை, குழந்தையின் வயசும் கேட்கவில்லை. கவின் அம்மா சொன்ன மருந்தும் இதுவும் பெயரில் ஒன்றுபோல இருக்கும், கடையில் வாங்கும்போது முழுப் பெயரையும் படித்துப் பாருங்கள்.