இரண்டு ஆயுதத்தோடு சண்டை: ‘ஈராயுதப் பிடி’ என்று வைப்போமா?

எல்லோருக்கும் வணக்கம்.

நம் கடற்கொள்ளைக்காரர் மேசை விளையாட்டின் விதிகளைத் தமிழில் எழுதும் வேலை, கைகலப்புப் பகுதியில் ஒரு சொல்லுக்காக நிற்கிறது. ஒரு கையில் வாள், மற்றக் கையில் குத்துவாளோ கைத்துப்பாக்கியோ வைத்துக்கொண்டு சண்டை பிடிப்பதற்கு என்ன பெயர்? இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: இருகைப் போர், இரட்டைப்படை, இணைவீச்சு. மூன்றையும் மேசையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

> ‘இருகைப் போர்’ போதும். சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

விளங்கும் தம்பி, ஆனால் வேறொன்றாக விளங்கும். ‘இருகை’ என்றதும் ஒரே ஆயுதத்தை இரண்டு கையாலும் பிடிப்பதுதான் முதலில் மனதில் வருகிறது. நம் விதியில் அதுவும் தனியாக இருக்கிறது. ஈட்டியால் குத்துவதும், மஸ்கட் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து அடிப்பதும் அந்த வகை. அதற்கு ஒரே அடி, ஆனால் பலத்த அடி. இரண்டு ஆயுதம் வைத்திருப்பவனுக்கோ இரண்டு அடி, ஒவ்வொன்றும் குறி தவறும் வாய்ப்புக் கூட. இப்படி நேரெதிரான இரண்டு விதிகளுக்கு ஒரே சொல் போட்டால் ஆட்டம் குழம்பும். வெள்ளவத்தையில் ரெஜிபோம் (தெர்மோகோல்) கப்பல்களை வைத்து ஆடியபோது அதுதான் நடந்தது. ஈட்டிக்காரனுக்கு ஒரு பெடியன் இரண்டு தாயக்கட்டை (ஆறுமுகப் பகடை) உருட்டினான். நிறுத்தினால், அட்டையைத் தூக்கிக் காட்டி, “இருகை என்றுதானே போட்டிருக்கு?” என்று கேட்டான். அவன் கேட்டது முழு நியாயம். அட்டையில் அப்படித்தான் இருந்தது.

இரட்டைப்படை: ‘படை’ என்றால் ஆயுதம் என்பது நல்ல பழந்தமிழ். ‘படைக்கலம்’ என்று இன்றைக்கும் எழுதுகிறோம். ஆனால் இது தாயக்கட்டை உருட்டும் விளையாட்டு. தமிழ்நாட்டில் இருந்து இந்தக் குழுவில் இருப்பவர்களுக்கு இரட்டைப்படை என்றால் 2, 4, 6. நாங்கள் பள்ளிக்கூடத்தில் இரட்டை எண் என்று படித்தோம், ஆனாலும் அவர்கள் சொல்வது நமக்கும் தெரியும். “இரட்டைப்படை என்றால் இரண்டு முறை உருட்டுக” என்று விதியில் எழுதினால் யார் என்னவென்று எடுப்பது? போதாததற்கு ஒவ்வொரு ஆட்டக்காரரின் அணியையும் ‘படை’ என்றுதான் முதல் அத்தியாயம் முழுக்க எழுதியிருக்கிறோம். இந்தச் சொல்லை இத்தோடு விட்டுவிடலாம்.

இணைவீச்சு எனக்கு உண்மையிலேயே பிடித்த சொல். சிலம்படி தெரிந்த மட்டக்களப்பு அண்ணா முன்வைத்தது. இரட்டைக் கம்பு சுற்றுகிறவரைப் பார்த்தவர்களுக்கு அதில் உள்ள ஓசையே படமாகத் தெரியும். இரண்டு வாளுக்கு இதைவிட நல்ல சொல் கிடைக்காது. தடை எங்கே என்றால், நம் கொள்ளைக்காரர்கள் இரண்டு வாள் பிடிப்பது அபூர்வம். வலக்கையில் நீண்ட மெல்லிய வாள், இடக்கையில் எதிரியின் வாளைத் தடுக்க ஒரு குத்துவாள் என்பது 16ஆம், 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய வாட்போர் முறை. நம் விளையாட்டு நடக்கும் 1700களின் தொடக்கத்தில் அந்தப் பழக்கம் பெரும்பாலும் போய்விட்டது. கப்பல் தட்டில் அப்போது பொருந்தும் சோடி, கட்டையான வெட்டுவாளும் கைத்துப்பாக்கியும். துப்பாக்கியை யாரும் வீசுவதில்லை.

துப்பாக்கி என்றதும் இன்னொரு விஷயம். 1724இல் வெளிவந்த கடற்கொள்ளைக்காரர் வரலாற்று நூல், கறுந்தாடி என்று பேர்பெற்ற எட்வர்ட் டீச் சண்டைக்குப் போகும்போது தோளில் வார் மாட்டி மூன்று சோடி கைத்துப்பாக்கி தொங்கவிட்டிருந்தான் என்று சொல்கிறது. ஏன் அத்தனை? அந்தக் காலத் தீக்கல் துப்பாக்கியில் ஒரு முறைதான் சுடலாம். மருந்தும் குண்டும் திரும்பக் கெட்டிக்க எதிரி நேரம் தரமாட்டான். ஆகவே சுட்டதை விட்டுவிட்டு அடுத்ததை உருவவேண்டும். அவனிடம் ஆறு துப்பாக்கி, ஒரு வாள் எல்லாம் இருந்தாலும், 1718 நவம்பர் 22இல் ஓக்ரகோக் தீவருகே கடைசிச் சண்டையில் நின்றபோதும் கை இரண்டுதான். நம் விதி எண்ணவேண்டியது அதைத்தான். இடுப்பில் எத்தனை செருகியிருக்கிறான் என்பது வேறு கணக்கு. இந்த நிமிடம் எந்தக் கையில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

அதனால் ‘பிடி’ என்ற சொல்லை அடிச்சொல்லாக வைக்கச் சொல்கிறேன். ஒருகைப் பிடி, இருகைப் பிடி, ஈராயுதப் பிடி. உயிரெழுத்துக்கு முன்னால் ‘இரு’ என்பது ‘ஈர்’ ஆகும், ஈராயிரம், ஈரடி, ஈரெழுத்து போல. அந்த இலக்கணம் இங்கே நமக்குப் பெரிய உதவி. ‘இருகை’, ‘ஈராயுதம்’ என்று முதல் எழுத்திலேயே இரண்டும் பிரிந்துவிடுகின்றன. சத்தமான அறையில் மேசைக்கு மறுபக்கம் இருந்து கத்தினாலும் குழப்பம் வராது. ‘ஆயுதம்’ வடசொல் என்று யாராவது சொல்வார்கள். ‘இருபடைக்கலப் பிடி’ என்று நாலு தரம் சொல்லிப் பார்க்கட்டும். அப்புறம், ‘பகடை’யா ‘தாயக்கட்டை’யா என்ற பழைய சண்டைக்கு நான் வரவில்லை. நம் கணிதப் புத்தகத்து நிகழ்தகவுப் பாடத்தில் உருட்டிய கோடாத, அதாவது ஒரு பக்கம் சாயாத, தாயக்கட்டையே இருக்கட்டும்.

இரண்டாவது கையில் இருப்பதற்குத் ‘துணையாயுதம்’. ‘இடக்கை ஆயுதம்’ வேண்டாம், இடக்கைப் பழக்கம் உள்ளவருக்கு அது வலக்கையில் இருக்கும். ‘இடங்கை’ என்று செய்யுள் நடையில் போடலாம் என்றொரு யோசனை வந்தது. வலங்கை, இடங்கை இரண்டும் சோழர் காலம் தொட்டுச் சாதிப் பிரிவுகளின் பெயராக இருந்தவை. விளையாட்டு அட்டையில் அந்தச் சுமை எதற்கு?

இரண்டு கையும் ஒரேமாதிரி வரும் வீரருக்கு நாம் வைத்திருக்கும் ‘சவ்யசாசி’ என்ற பெயரை எடுத்துவிடச் சொன்னவர்களோடு நான் உடன்படவில்லை. அருச்சுனனுக்கு அந்தப் பெயர் இடக்கையாலும் வலக்கையைப் போலவே அம்பு விட்டதால் வந்தது. இரண்டு ஆயுதம் பிடித்ததால் வரவில்லை. நமக்குத் தேவைப்படுவதும் அந்தத் திறமைதான். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திரமேற்று ஆடும் விளையாட்டின் 2000ஆம் ஆண்டு மூன்றாம் பதிப்பில் இரண்டு கையும் ஒரேமாதிரி வரும் திறமையும், இரண்டு ஆயுதத்தோடு சண்டை பிடிக்கும் திறமையும் தனித்தனியாக இருந்தன. 2003இன் திருத்தப் பதிப்பில் ஒன்றாக்கிவிட்டார்கள். நாம் பிரித்தே வைப்போம். ஈராயுதப் பிடியை யாரும் எடுக்கலாம், சவ்யசாசிக்கு மட்டும் அதில் கழிவு (உருட்டிய எண்ணில் 1 கழிப்பது) இல்லை.

கழிவு ஏன் வேண்டும் என்று கேட்ட கொட்டாஞ்சேனைத் தம்பிக்கு: 1999இல் வந்த மோர்ட்ஹைம் என்ற சிறுபொம்மைச் சண்டை விளையாட்டில் இரண்டாவது ஆயுதம் பிடித்தால் ஓர் அடி கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவுதான். மலிவான இரண்டு ஆயுதம் இருக்கக் கேடயத்துக்கு ஏன் காசு கொடுப்பது என்று ஆடுகிறவர்கள் குறைப்பட்டார்கள். இனி நம் விதியைப் பாருங்கள். 4 அல்லது மேலே விழுந்தால் அடி படும் என்றால், ஒரு கட்டையில் நூற்றுக்கு 50. கழிவில்லாமல் இரண்டு கட்டை உருட்டினால், ஒன்றாவது படுவது 75. இது மிகவும் கூட. இரண்டிலும் 1 கழித்தால், 5 விழ வேண்டும், ஏறக்குறைய 56. கொஞ்சம் லாபம். அதே கழிவு, 5 வேண்டிய பழக்கமில்லாத மாலுமிக்கு என்ன செய்கிறது? ஒற்றை ஆயுதத்தில் 33, ஈராயுதப் பிடியில் 31க்கும் கீழே. தெரிந்தவனுக்கு உதவும், தெரியாதவனைக் கவிழ்க்கும். எனக்கு இந்த விதி மிகவும் பிடித்திருப்பது இதனால்தான். வாளைப் பிடிக்கவே தடுமாறுகிறவனுக்கு இன்னொன்றையும் கொடுத்தால் அவன் தேறமாட்டான் என்பதை ஒரு கழித்தலே சொல்லிவிடுகிறது.

சொல் நிற்குமா என்று பார்க்க, விதியையே எழுதிப் பார்த்தேன்:

“ஈராயுதப் பிடியில் இருக்கும் வீரர் கைகலப்பில் இரண்டு தாயக்கட்டை உருட்டுவார். ஒவ்வொன்றிலும் 1 கழிக்க. சவ்யசாசிக்குக் கழிவில்லை. விரும்பினால் துணையாயுதத்தின் அடியை விட்டுக்கொடுத்து, எதிரியின் ஓர் அடியைத் தடுக்க முயலலாம். இருகைப் பிடியில் இருப்பவருக்குத் துணையாயுதம் இல்லை.”

இன்னும் தீராதது ஒன்று. வெடித்து முடிந்த கைத்துப்பாக்கி கையில் இருக்கும்போது அது துணையாயுதமா? அடிப்பிடி கனமானது, தலையில் அடிக்கலாம். ஆகவே ஆம் என்பது என் பக்கம், ஆனால் அதனால் தடுக்கமுடியாது என்று ஒரு வரி சேர்க்கவேண்டும். கேடயத்தைத் துணையாயுதத்தில் சேர்க்கவே கூடாது. மறுப்பு இருந்தால் இந்தக் கிழமைக்குள் எழுதுங்கள். அட்டைகளை அச்சுக்குக் கொடுக்கவேண்டும்.