ஓ'நீல் என்ற ஐரிஷ் குடும்பப் பெயர்: எந்த நியாலிடமிருந்து வந்தது?

வேர்தேடி:
ஓ'நீல் குடும்பங்கள் எல்லாமே 5ஆம் நூற்றாண்டு அரசன் ‘ஒன்பது பிணைக்கைதிகளின் நியால்’ வழிவந்தவை என்கிறார்கள். சரியா? ஒரே ஊர்ப் பதிவில் சிலர் ‘ஓ'நீல்’, சிலர் வெறும் ‘நீல்’; வேறு வேறு குடும்பங்களா? 1850களில் கார்லோ கவுண்டியில் இருந்த ஒருவரை எதில் தேடலாம்?

பழஞ்சுவடி:
அந்த நியால் இல்லை. பெயர் வந்தது நியால் க்ளூன்டுவிடமிருந்து. 919இல் டப்ளின் அருகே வைக்கிங்குகளோடு போரிட்டு இறந்த அரசர். ‘ஓ’ என்றால் பேரன். அவருடைய பேரன் டோம்னால் (இறப்பு 980) அந்தப் பெயரைத் தாங்கியபோது அது அப்படியே உண்மை. பின்வந்த தலைமுறைகளும் அதையே வைத்துக்கொண்டதால்தான் குடும்பப் பெயராக நிலைத்தது.

குழப்பத்துக்குக் காரணம், பழைய நியாலின் வம்சத்துக்கு ‘ஈ நேல்’ என்று பெயர். ‘ஈ’ என்பது ‘ஓ’வின் பன்மை. க்ளூன்டுவும் அந்த வம்சம்தான். ஆனால் ஓ'டானல்களும் அதே வம்சம், அவர்கள் பெயரில் நியால் எங்கே இருக்கிறார்? வம்சப் பெயர் வேறு, குடும்பப் பெயர் வேறு.

கல்வெட்டான்:
மேலே சொன்னது அல்ஸ்டர் பகுதியின் டைரோன் குடும்பத்துக்கு. கார்லோ ஓ'நீல்கள் தென்கிழக்கே லென்ஸ்டர் பகுதியில் தனியாகத் தோன்றிய குடும்பம். 1607இல் ரத்மல்லன் துறையிலிருந்து கப்பலேறி நாட்டை விட்டுப்போன டைரோன் தலைவர் ஹியூ ஓ'நீலையோ அல்ஸ்டர் ஓ'நீல்களின் சிவப்புக் கைக் குலச்சின்னத்தையோ அவர்களோடு ஒட்டவைக்க வேண்டாம். பெயரைப் பார்த்தே சின்னம் விற்கும் கடைகளுக்கு இந்தக் கவலையெல்லாம் கிடையாது.

ஓ விடுபடுவதை வைத்துக் குடும்பம் பிரிக்காதீர்கள். ஆங்கிலேயர் ஆட்சி இறுகிய 17ஆம் நூற்றாண்டிலிருந்து பலர் அதை விட்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரிஷ் மொழி, பண்பாட்டை மீட்கும் கேலிக் மறுமலர்ச்சியோடு மீண்டும் சேர்த்துக்கொண்டார்கள். எனவே ஒரே ஆள் ஞானஸ்நானத்தில் ‘நீல்’, இறப்புப் பதிவில் ‘ஓ'நீல்’ என்று இருக்கலாம். எழுத்தில் ஒரு ‘எல்’, இரண்டு ‘எல்’, ஓ உள்ளது, இல்லாதது என எல்லா வடிவத்திலும் தேடுங்கள்.

ஏடுபார்ப்பவன்:
1850களுக்குக் கிரிஃபித் மதிப்பீடு என்ற நில வரி மதிப்பீட்டுப் பதிவு (1847–1864) முதலில். நிலம் யார் கையில், யாருக்கு வாடகை, எவ்வளவு பரப்பு என்பது கிடைக்கும். மனைவி, பிள்ளைகள் கிடைக்காது. அதில் டவுன்லேண்ட் (அயர்லாந்தின் மிகச் சிறிய நிலப் பிரிவு) பெயரைப் பிடித்து, அது எந்தக் கத்தோலிக்கப் பங்கில் (தேவாலய வட்டாரம்) வருகிறது என்று பாருங்கள். பிறகு அயர்லாந்து தேசிய நூலகத்தின் பங்குப் பதிவேடுகள்: இணையத்தில் இலவசம், ஏறத்தாழ 1880 வரை. பெயர்கள் பலவும் லத்தீனில் இருக்கும். ஜேம்ஸைத் தேடினால் ‘யாகோபுஸ்’ என்று பாருங்கள்.

அரசுப் பிறப்பு, இறப்புப் பதிவு 1864இல்தான் தொடங்கியது. 1851 மக்கள்தொகைக் கணக்கின் பெரும்பகுதி 1922இல் டப்ளினில் ஆவணக் காப்பகம் இருந்த ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத் தீயில் போய்விட்டது. நாடு முழுமைக்கும் மிஞ்சியதில் பழையது 1901 கணக்குதான். டவுன்லேண்ட் தெரியாமல் ‘கார்லோ, நீல்’ என்று மட்டும் தேடினால் ஒரே பெயரில் பலர் வருவார்கள், தவறான ஆளைப் பிடித்துவிடுவீர்கள்.

டிஎன்ஏ சோதனையில், பழைய நியாலோடு இணைத்துப் பேசப்படும் எம்222 என்ற ஒய் குரோமோசோம் அடையாளம் வந்தாலும் அரச வம்சம் உறுதி என்று எழுதிவிடாதீர்கள். வடமேற்கு அயர்லாந்தில் அது சாதாரணம், தந்தைவழி ஆண் கோட்டைத் தவிர வேறெதையும் சொல்லாது.