அவசர கால உணவை வீட்டுக்குள் எங்கே மறைத்து வைப்பது?

இரண்டறைவாசி:
நாங்கள் நான்கு பேர். இரண்டே அறை கொண்ட வாடகை வீடு. புயலோ வெள்ளமோ வந்து இரண்டு வாரம் வெளியே போக முடியாவிட்டாலும் தாக்குப்பிடிக்கும் அளவுக்கு உணவு சேர்த்து வைக்க நினைக்கிறேன். இடம் போதாது என்பது ஒரு தொல்லை. வருகிறவர் போகிறவர் கண்ணில் படக்கூடாது என்பது இன்னொன்று. ஒருவர் பார்த்தால் போதும், ஊருக்கே தெரிந்துவிடும். எல்லாவற்றையும் பரணில் ஏற்றிவிடலாம் என்கிறார் கணவர். கோடையில் அந்தப் பரணில் கை வைத்தால் சுடும். எனக்கு மனம் ஒப்பவில்லை. வேறு வழி உண்டா?

கிடங்குக்காரர்:
வேண்டவே வேண்டாம் அம்மா, பரணை மறந்துவிடுங்கள். தானியக் கிடங்கில் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அங்கே நாங்கள் திருடனுக்குப் பயந்ததைவிடச் சூட்டுக்கும் ஈரத்துக்கும் பயந்ததுதான் அதிகம். வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் உணவு கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. ஆள் கண்ணில் படாத இடங்கள் பெரும்பாலும் உணவைக் கெடுக்கும் இடங்களாகவே அமைந்துவிடுகின்றன: பரண், வாட்டர் ஹீட்டரின் பக்கம், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் உள்ள பொந்து. முதலில் குளிர்ச்சியான, உலர்ந்த இடத்தைத் தேடுங்கள். மறைப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கட்டிலுக்கு அடியில் உயரம் குறைந்த மூடிபோட்ட பெட்டிகள், சும்மா கிடக்கும் சூட்கேஸ், துணி அலமாரியில் போர்வைகளுக்குப் பின்வரிசை, இவையெல்லாம் நல்ல இடங்கள். சமையலறை அலமாரியின் அடிப்பலகையைக் கழற்றினால் உள்ளே காலியிடம் இருக்கும். ஆனால் அது எலி போய்வரும் பாதை. அங்கே டின்களைத் தவிர வேறெதையும் வைக்காதீர்கள்.

அரிசியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வண்டின் முட்டை பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதில்லை, வாங்கும் மணிக்குள்ளேயே இருக்கும். காற்றுப் புகாத பையில் கட்டி, ஒரு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். எடுத்த உடனே பிரிக்காதீர்கள். அறையின் சூட்டுக்கு வரும்வரை பை மூடியே இருக்கட்டும். இல்லையென்றால் குளிர்ந்த மணிகளின் மேல் காற்றிலுள்ள ஈரம் படிந்துவிடும். அதன்பின் ஆக்சிஜன் உறிஞ்சிப் பொட்டலம் போட்டு, அலுமினியத் தாள் பையில் அடைத்து ஒட்டுங்கள். நன்கு உலர்ந்த வெள்ளை அரிசி இப்படிப் பல்லாண்டு தாங்கும். தவிடு நீக்காத அரிசியை நம்பாதீர்கள், அதிலுள்ள எண்ணெய் சில மாதங்களிலேயே சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். அரைகுறையாக உலர்ந்த எதையும் உறிஞ்சியோடு அடைக்கக் கூடாது. ஆக்சிஜன் இல்லாத ஈரத்தில் வளரும் கிருமி உயிருக்கே உலை வைக்கும். சர்க்கரைக்கு உறிஞ்சி தேவையில்லை. போட்டால் கல்லாக இறுகிவிடும்.

மேல்மாடி:
நான் மறைப்பதே இல்லை. பெட்டியின் மேல் "பழைய கணக்கு நோட்டுகள்" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். யாரும் திறந்து பார்க்க ஆசைப்பட்டதில்லை. ஆனால் தண்ணீரைப் பற்றி இங்கே ஒருவரும் பேசவில்லையே? ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று வைத்தாலும் நான்கு பேருக்கு இரண்டு வாரத்துக்கு 224 லிட்டர். அதாவது 224 கிலோ. எந்தக் கட்டிலுக்கு அடியில் ஒளிப்பீர்கள்?

கிடங்குக்காரர்:
நியாயமான கேள்வி. தண்ணீரை ஒளிக்கப் பார்க்க வேண்டாம். அது இருப்பதைப் பார்த்து யாரும் வம்பு பேச மாட்டார்கள். சுவரோரமாகத் தரையில், வெயில் படாமல் வரிசையாக வையுங்கள்.

வெள்ளம் என்றதால் இன்னொன்று. எல்லாவற்றையும் கட்டிலுக்கு அடியிலேயே வைத்தால் முதலில் நனைவது அதுதான். பாதியையாவது இடுப்புக்கு மேலே வையுங்கள். நசுங்காத, துருப்பிடிக்காத டின் வெள்ளநீரில் நனைந்தாலும் காப்பாற்றலாம்: தாளைக் கிழித்துவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவி, ப்ளீச் கரைசலில் ஊறவைக்க வேண்டும். திருகு மூடி போட்ட ஜாடி நனைந்தால் தூக்கி எறிந்துவிட வேண்டியதுதான். தாளைக் கிழித்தபின் உள்ளே இருப்பது என்னவென்று எப்படித் தெரியும்? அதற்காகத்தான் பெயரையும் தேதியையும் அழியாத மையால் டின்னின் மேலேயே எழுதச் சொல்கிறேன். உப்பிய டின்னைத் திறந்துகூடப் பார்க்காதீர்கள்.

இரண்டறைவாசி:
மிக்க நன்றி ஐயா. கணவரிடம் படித்துக் காட்டினேன்; பரண் பேச்சு ஓய்ந்தது. எது எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வைத்தால் ஒளித்ததற்கே பொருளில்லாமல் போய்விடாதா?

கிடங்குக்காரர்:
எழுதத்தான் வேண்டும். துணி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள், வருகிறவர் அதைத் திறக்கப்போவதில்லை. உங்களைத் தவிர வீட்டில் இன்னொருவருக்காவது அது தெரிந்திருக்கட்டும். அடுப்பு எரியாத நாளுக்குச் சமைக்காமல் உண்ணக்கூடியவை எவை என்று அதிலேயே குறித்துவிடுங்கள். டின் திறக்கும் கருவி இரண்டு வாங்கி, டின்கள் இருக்கும் பெட்டியிலேயே போட்டுவையுங்கள்.