ஆய்வாளர் எழுத்து முகாம்கள்: போய் வந்தவர்களின் அனுபவங்கள்

சமூகவியல் ஆய்வாளர், முனைவர் பட்டம், ஐந்தாம் ஆண்டு

களப்பணி முடிந்து ஒன்றரை ஆண்டு ஆகியும் என் நான்காம் இயல் நகராமல் கிடந்த நிலையில்தான், ஊருக்கு வெளியே வயல்களுக்கு நடுவில் இருந்த விடுதியில் நடந்த நான்கு நாள் எழுத்து முகாமுக்குப் போனேன். அமைதியான இடம் கிடைத்தால் எழுத்து தானாக வந்துவிடும் என்று நம்பியிருந்தேன். எழுத்து வந்தது உண்மைதான். ஆனால் அதை வரவழைத்தது அமைதியைவிட, கூட இருந்த பத்துப் பேர் என்றே இப்போது நினைக்கிறேன்.

ஸ்காட்லாந்தில் ரோவீனா மரே வளர்த்தெடுத்த முறையைத்தான் அங்கே பின்பற்றினார்கள். தனித்தனி அறைகளில் முடங்காமல், எல்லோரும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் எழுத வேண்டும். பெரும்பாலான அமர்வுகள் ஒன்றரை மணி நேரம். எழுதும் நேரத்தில் இணையம் கூடாது. ஒவ்வோர் அமர்வுக்கும் முன்னால் பக்கத்தில் இருப்பவரிடம் அடுத்து என்ன எழுதப் போகிறோம் என்று சொல்ல வேண்டும். முதல் அமர்வில் நான், "நான்காம் இயலை எழுதப் போகிறேன்" என்றேன். பக்கத்தில் இருந்த விலங்கியல் பேராசிரியை, "அது நான்கு மாத வேலை அம்மா. இந்த ஒன்றரை மணி நேரத்தில் எந்தப் பகுதியை எழுதுவீர்கள், எத்தனை சொல்?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. துண்டுத்தாளில் எழுதி அடித்து, மறுபடி எழுதி அடித்து, கடைசியில் "நேர்காணல்களை ஏன் மூன்று வகையாகப் பிரித்தேன்: 400 சொல்" என்று எழுதி மடிக்கணினியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டேன். நடுவில் எழுந்து வெளியே போய்விடலாம் என்று இரண்டு முறை தோன்றியது. எதிரே இருந்தவர் தலை நிமிராமல் தட்டச்சு செய்துகொண்டிருந்ததைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அமர்வு முடிந்தபோது 370 சொல் எழுதியிருந்தேன். அந்தத் துண்டுத்தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

வரலாற்றுத் துறை, உதவிப் பேராசிரியர்

என் முதல் முகாம் இதற்கு நேர்மாறானது. ஆளுக்கோர் அறை கொடுத்து, "விருப்பம்போல் எழுதுங்கள்" என்று விட்டுவிட்டார்கள். கால அட்டவணையும் இல்லை, யாரும் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதும் இல்லை. நான் சுமந்துபோன நாற்பது கட்டுரைகளையும் அறையில் உட்கார்ந்து படித்து முடித்தேனே தவிர, ஐந்து நாளில் எழுதியது இரண்டு பக்கம்தான். கட்டிய பணத்தைவிட அதற்காக எடுத்த விடுப்பை நினைத்துத்தான் அதிகம் வருந்தினேன்.

அடுத்த முறை படிப்பையெல்லாம் முன்கூட்டியே முடித்து, கட்டுரையின் வாதத்தை ஒரு பக்கத்தில் வரிசைப்படுத்தி, அட்டவணைகளை அச்செடுத்துக்கொண்டு போனேன். எழுதும்போது ஓர் ஆண்டோ மேற்கோளோ நினைவுக்கு வராவிட்டால், தேடப் போகாமல் அந்த இடத்தில் "சரிபார்க்க" என்று குறித்துவிட்டு மேலே எழுதினேன். வரைவு முடிந்தபோது அப்படி 31 இடங்கள் இருந்தன; வீடு திரும்பி ஒரே மாலையில் அவற்றை நிரப்பிவிட்டேன். பிரான்செஸ்கோ சிரில்லோ 1980களின் இறுதியில் வகுத்த பொமோடோரோ முறைப்படி 25 நிமிட வேலையும் ஐந்து நிமிட ஓய்வுமாகச் சில அமர்வுகள் நடந்தன. அடிக்குறிப்புகளைச் சீர்செய்ய அந்த அளவு நன்றாகவே பொருந்தியது. ஆனால் ஒரு வாதத்தைக் கட்டிக்கொண்டிருக்கும்போது, பிடி கிடைக்கிற நேரத்தில் மணி அடித்துவிடுகிறது என்பதே என் அனுபவம்.

கல்வியியல் பேராசிரியை, முகாம் ஒருங்கிணைப்பாளர்

பார்பரா கிராண்ட் 1997இல் நியூசிலாந்தில், பல்கலைக்கழகப் பெண்களுக்கென்றே தங்கி எழுதும் முகாம்களைத் தொடங்கினார். அவை ஏன் தேவைப்பட்டன என்பதை ஒவ்வொரு முறை விண்ணப்பங்களைப் படிக்கும்போதும் நான் உணர்கிறேன். "ஐந்து நாள் வீட்டை விட்டு வர முடியாது, இரண்டு நாள் மட்டும் வரலாமா?" என்று கேட்டு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். எழுத்து முகாமுக்கு விடுப்புக் கேட்ட ஒருவரிடம், "எழுதுவதற்கு எதற்கு விடுப்பு, வீட்டிலேயே எழுதலாமே" என்று அவருடைய நிறுவனத்தில் சொல்லியிருக்கிறார்கள். கருத்தரங்குக்குத் தயங்காமல் கொடுக்கும் விடுப்பை இதற்கு மறுப்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

இதனால் இப்போது இரண்டு நாள் முகாம்களையும் நடத்துகிறோம். திரும்பிப் போனதும் பழைய வேலைச்சுமை எல்லோரையும் விழுங்கிவிடுகிறது என்பதைப் பல முறை கண்டபின், செவ்வாய்க்கிழமைதோறும் காலையில் ஒன்றரை மணி நேரம் இணையவழியில் சேர்ந்து எழுதும் வழக்கத்தையும் வைத்துக்கொண்டோம். அங்கேயும் அதே கேள்வியோடுதான் தொடங்குகிறோம்: எந்தப் பகுதி, எத்தனை சொல்? போன முகாமில் வந்த பதினான்கு பேரில் ஒன்பது பேர் இன்னும் தவறாமல் வருகிறார்கள்.