போர்ல வர்ற ‘பர்சூட்’டுக்குத் தமிழ்ல என்ன போடலாம்?

செ.:
எல்லாருக்கும் வணக்கம். பி.ஏ. வரலாறு பசங்களுக்கு அமெரிக்க உள்நாட்டுப் போர் பாடக்குறிப்பு எழுதிட்டிருக்கேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குக் குடுக்கணும், ‘பர்சூட்’டுல (pursuit, தோத்து ஓடுற படையை விடாம பின்தொடர்ந்து அடிக்கிறது) மாட்டிக்கிட்டேன். 1863 ஜூலையில கெட்டிஸ்பர்க் சண்டையில தோத்த தெற்குப் படைத் தளபதி லீ 4ஆம் தேதி ராத்திரி பின்வாங்குறார், போட்டோமாக் ஆத்துல வெள்ளம், மிதவைப் பாலத்தையும் வடக்குக் குதிரைப்படை உடைச்சாச்சு, வில்லியம்ஸ்போர்ட் பக்கம் முடங்கிக் கிடக்கார். வடக்குப் படைத் தளபதி மீட் பக்கத்துல வந்துட்டு, 12ஆம் தேதி ராத்திரி தளபதிகளைக் கூட்டிப் பேசினார், அடிக்கல. 13 ராத்திரி லீ ஆத்தைத் தாண்ட ஆரம்பிச்சுட்டார். ‘மீட் பின்தொடரவில்லை’ன்னு எழுதினா தப்பு, பின்தொடரத்தானே செஞ்சார்?

ரா.:
துரத்தல்னு போட்டுட்டு தூங்கப் போங்க சார். எட்டாவது படிக்கிற பையனுக்கும் புரியும்.

மு.:
ரா. அண்ணே, அது மட்டும் ஆகவே ஆகாது. துரத்துறதுன்னா ஓட்டி விடுறது. மீட் 4ஆம் தேதி ஆணையில எதிரியை நம்ம மண்ணை விட்டுத் துரத்தணும்னுதான் எழுதினார், அந்தச் சொல்லே பிடிக்கலன்னு ஜனாதிபதி லிங்கன் 6ஆம் தேதி வடக்குப் படைகளோட தலைமைத் தளபதி ஹாலெக்குக்குக் கடிதம் போட்டார். அவருக்கு லீ படை ஊர் திரும்பவே கூடாது. நம்ம பிரச்சினையும் அதேதான்.

கு.:
வள்ளுவர் இருக்க ஏன் அலைச்சல்? ‘வினைபகை என்றிரண்டின் எச்சம் நினையுங்கால் தீயெச்சம் போலத் தெறும்.’ வேலையிலயும் பகையிலயும் மிச்சம் வச்சா, அணைக்காம விட்ட தீ மாதிரி அழிச்சிடும்னு அர்த்தம். பகையெச்சம் தீர்த்தல், சுருக்கமா எச்சந்தீர்ப்பு. எஞ்சு, எச்சம், அதுலயிருந்துதான் பெயரெச்சம் வினையெச்சம் எல்லாம். ஒண்ணு சொல்லணும், புறப்பொருள் வெண்பாமாலைங்கிற போர் இலக்கண நூல்ல தழிஞ்சின்னு ஒரு துறை (பாட்டு வகை), புறங்காட்டி ஓடுறவன் மேல வாள் ஓச்சாத வீரம். நம்ம இலக்கணப்படி மீட்டுக்குப் பாட்டே பாடலாம்!

மு.:
ஐயா, எச்சம்னா பசங்களுக்குக் காக்கா எச்சம்தான், வகுப்பே சிரிச்சிடும். தழிஞ்சியும் சரிவராது, மீட் இரக்கப்பட்டா விட்டார்? அவர் பக்கமே சுமார் 23,000 பேர் இழப்பு, அவரோட தளபதிகள்ல ரெனால்ட்ஸ் செத்துட்டார், ஹான்காக்கும் சிக்கிள்ஸும் காயம், லீ வேற அகழி வெட்டி உக்காந்திருக்கார். பொறுப்பு எடுத்தே ரெண்டு வாரம்தான். நழுவவிட்ட வாய்ப்புன்னு சொல்றதே எனக்குச் சந்தேகம். மீட்டுக்கு முன்னாடி இதே படைக்குத் தளபதியா இருந்த மெக்கெல்லன் கதை வேற, 1862ல ஆன்டீட்டம் சண்டை முடிஞ்ச மறுநாள் பூரா லீ எதிர்லயே நிக்கிறார், இவர்கிட்ட சண்டையில இறங்காத படை அவ்வளவு இருக்கு, கையைக் கட்டிக்கிட்டு நின்னார்.

செ.:
மீட் நல்லவரா கெட்டவராங்கிறதை அப்புறம் பாக்கலாமே, எனக்குச் சொல் வேணும். ‘தொடர்தாக்கு’ எப்படி?

ரா.:
துரத்தல்தான் என் ஓட்டு. வேணாம்னா தொடர்தாக்கு, போதும் விடுங்க.

மு.:
தொடர்தாக்கு சரி. முதல் தடவை வர்ற இடத்துல ‘தோத்து ஓடுற படையைத் தப்பவிடாம அடிக்கிறது’ன்னு ஒரு வரி சேர்த்துடுங்க.

கு.:
தொடர்தாக்குன்னா பேப்பர் படிக்கிறவன் அடுத்தடுத்து நடந்த தாக்குதல்னுதான் எடுத்துப்பான். விளக்கம் போட்டாத்தான் புரியும்னா எச்சந்தீர்ப்புக்கும் அதே விளக்கம் போட்டிருக்கலாமே. அச்சடிச்சுக்கோங்க, நன்றி சொல்ற பக்கத்துல என் பேரு வேண்டாம்.